சீழில் "எதுவும் வளரவில்லை" என்றால் கிருமியே இல்லை என்று அர்த்தமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே இருக்கும் ஒரு தோட்டத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அக்கா மகனுக்கு வயது பதினேழு. சின்ன வயதிலிருந்தே இடது காதில் சீழ் வரும், நிற்கும், மறுபடியும் வரும். சொட்டு மருந்து விட்டால் அடங்கிவிடும் என்பதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போன மாதம் விடாத தலைவலி, அப்புறம் வாந்தி, ஒரு நாள் விடிகாலையில் வலிப்பு. சுங்கை சிப்புட் ஆஸ்பத்திரியிலிருந்து ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஸ்கேனில் மூளைக்குள் சீழ்க்கட்டி தெரிந்தது. மண்டையோட்டில் துளை போட்டுச் சீழை உறிஞ்சி எடுத்தார்கள். காற்றில்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாவாக இருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். ஆனால் சீழில் உள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையின் அறிக்கையில் "நோ குரோத்", அதாவது எதுவும் வளரவில்லை, என்றுதான் வந்திருக்கிறது.

வீட்டில் இப்போது பல கேள்விகள். கிருமியே வளரவில்லை என்று எழுதிவிட்ட பிறகு ஆறு வாரம் ஊசி மருந்து எதற்கு? தலைவலி போய்விட்டது, பையன் நன்றாகச் சாப்பிடுகிறான், வீட்டுக்குக் கூட்டி வந்துவிடலாமா? இவ்வளவு ரத்தம் ஓடுகிற மூளைக்குள் காற்று ஆகாத கிருமி எப்படி உயிரோடு இருக்கும்? தம்பி தங்கைகளுக்கு ஒட்டிக்கொள்ளுமா?

அவசரமான கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தம்பி, தயவுசெய்து பையனை இப்போது கூட்டி வராதீர்கள். அந்த அறிக்கை "கிருமி இல்லை" என்று சொல்லவில்லை. அந்த லேபில், கிருமி வளர்க்கும் அந்தத் தட்டுகளில், அத்தனை நாளுக்குள் எதுவும் முளைக்கவில்லை என்று மட்டும்தான் சொல்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தில்தான் உங்கள் அக்கா மகனின் உயிர் இருக்கிறது. நான் டாக்டர் இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரி லேபில் நுண்ணுயிர்ப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மருந்தின் அளவு, எத்தனை நாள், மறுபடி ஆபரேஷன் வேண்டுமா என்பதையெல்லாம் வார்டில் இருக்கும் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் சீழ் லேபுக்கு வந்த பிறகு அதற்கு என்ன நடக்கிறது, இந்தக் கிருமிகள் ஏன் நம் கையில் அகப்படாமல் நழுவுகின்றன என்பதை நான் சொல்ல முடியும்.

இந்தக் கிருமிகள் வெளியிலிருந்து வந்தவை அல்ல. காற்று ஆகாத இந்த வகையை அனரோபிக் பாக்டீரியா, சுருக்கமாக அனரோப், என்பார்கள். அவை நம் எல்லோருடைய வாயிலும் குடலிலும் பிறந்த கொஞ்ச நாளிலிருந்தே குடியிருக்கின்றன. பெருங்குடலில் அவற்றின் எண்ணிக்கை நாம் அடிக்கடி கேள்விப்படும் ஈ.கோலை கிருமியைவிட ஏறக்குறைய ஆயிரம் மடங்கு அதிகம். வாயில், பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் இருக்கிற இடுக்கில் ஆக்சிஜன் மிகக் குறைவு. அங்கே ஃபியூசோபாக்டீரியம், பிரிவோடெல்லா, பார்விமோனாஸ் போன்றவை கூட்டம் கூட்டமாக இருக்கும். அவை இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும்வரை தொந்தரவு இல்லை. ஆக்சிஜன் உடலுக்குள் உண்டாக்குகிற நச்சுத் துணுக்குகளை முறிக்கும் என்சைம்கள் அவற்றிடம் இல்லை, அல்லது போதுமான அளவு இல்லை. அதனால்தான் காற்றுப்பட்ட இடத்தில் அவற்றால் பெருக முடியாது. ஆனால் காற்றுப்பட்டதும் எல்லாம் உடனே செத்துப்போகும் என்றும் நினைக்க வேண்டாம். சில வகைகள் மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போய்ச் சேர அந்த நேரம் போதும்.

உங்கள் அக்கா மகனின் விஷயத்தில் புறப்பட்ட இடம் பெரும்பாலும் அந்தக் காதுதான். வருடக்கணக்கில் சீழ் வடியும் காதில் செவிப்பறை ஓட்டையாகியிருக்கும். சிலருக்கு நடுக்காதுக்குள் தோல் போன்ற ஒரு வளர்ச்சி உண்டாகிவிடும், கொலஸ்டியட்டோமா என்பார்கள். அது புற்றுநோய் இல்லை. ஆனால் மெதுவாக எலும்பை அரித்துக்கொண்டே போகும். உதிர்ந்த தோல் அதற்குள் மூட்டையாக அடைந்து, காற்று புகாமல், ஈரமாகக் கிடக்கும். அனரோபிக் கிருமிகளுக்கு இதைவிட வசதியான வீடு கிடையாது. காதுச் சீழ் வெறும் நீர் மாதிரி இல்லாமல் நாற்றம் அடித்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். தோட்டங்களில் எத்தனையோ பிள்ளைகளை நாற்றமடிக்கும் காதோடு பார்த்திருக்கிறேன். தேங்காய் எண்ணெயைக் காய்ச்சி விடுவார்கள், கொண்டை ஊசியால் குடைவார்கள், பஞ்சை அடைத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது.

நடுக்காதின் கூரை ஒரு மெல்லிய எலும்புத் தட்டு. அதற்கு மேலே மூளையின் பொட்டுப் பகுதி, பின்பக்கம் சிறுமூளை. அதனால்தான் காதிலிருந்து போகிற சீழ்க்கட்டி அநேகமாக இந்த இரண்டு இடங்களில் ஒன்றில் உண்டாகிறது. எலும்பு அரிபட்டு நேராகவே போகலாம். எலும்பு முழுசாக இருந்தாலும் அதன் ஊடாக மூளை உறை வரைக்கும் ஓடுகிற சிறு ரத்தக் குழாய்கள் வழியாகவும் போகலாம். அவற்றில் வால்வு கிடையாது. ரத்தம் எந்தப் பக்கமும் நகரும். நெற்றி சைனஸில் சீழ் பிடித்தால் கட்டி பெரும்பாலும் மூளையின் முன்பகுதியில் வரும். சொத்தைப் பல்லிலிருந்து வந்தாலும் அப்படித்தான்.

இன்னொரு வழி தூரத்திலிருந்து ரத்தத்தோடு வருவது. நுரையீரலில் நாள்பட்ட சீழ் இருந்தால் வரும். இதயத்தில் பிறவிக் கோளாறு இருந்து உதடும் நகமும் நீலம் பாயும் பிள்ளைகளுக்கும் வரும். சாதாரணமாக அசுத்த ரத்தம் நுரையீரலைக் கடந்து போகும்போது அங்கே கிருமிகள் சிக்கிக்கொள்ளும். இந்தப் பிள்ளைகளுக்கு ரத்தத்தில் ஒரு பங்கு நுரையீரலுக்குப் போகாமலேயே உடம்புக்கும் மூளைக்கும் போய்விடும். அதோடு அவர்கள் ரத்தம் கெட்டியாக இருக்கும், ஆக்சிஜனும் குறைவு. அப்படிப்பட்ட பிள்ளைக்குப் பல் சொத்தை என்பது சின்ன விஷயமே இல்லை. யாருக்காவது பல் ஈறும் காதும் சரியாக இருந்து, மூக்கில் மட்டும் அடிக்கடி ரத்தம் வடிகிற பரம்பரைத் தொல்லை இருந்தால், நுரையீரலில் ரத்தக் குழாய்கள் தவறாக இணைந்திருக்கின்றனவா என்றும் டாக்டர்கள் தேடுவார்கள். காரணம் இதே குறுக்குவழிதான்.

சரி, மூளைக்கு வந்துவிட்டது. அங்கே எப்படி வாழ்கிறது? உங்கள் கேள்விகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். மூளை நம் உடல் எடையில் சுமார் 2 சதவீதம்தான், ஆனால் உடல் ஓய்வாக இருக்கும்போது எடுக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் ஆக்சிஜன் ஆகாத கிருமி போய் உட்கார முடியாது. தனியாகப் போனால் முடியாதுதான்.

அது தனியாகப் போவது அபூர்வம். காதிலிருந்தோ பல்லிலிருந்தோ கிளம்புவது ஒரு கலவை. அதில் ஆக்சிஜன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சமாளிக்கிற ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகள் இருக்கும். காதுச் சீழ் என்றால் புரோட்டியஸ் மாதிரி கிருமிகளும் இருக்கும். காட்டை அழித்துத் தோட்டம் போட்ட காலத்தில் முதலில் மரம் வெட்டும் கூட்டம் போகும், இடம் திறந்த பிறகுதான் குடும்பங்கள் லயத்துக்கு வரும். அந்த மாதிரி முதலில் வேலை செய்வது இந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கூட்டம். அவை அந்த இடத்து ஆக்சிஜனைத் தின்று தீர்க்கும். உடம்பின் எதிர்ப்பு அணுக்கள் ஓடிவந்து போராடும். அவையும் ஆக்சிஜனை எரிக்கும். மூளைத் திசு வீங்கும், சிறு ரத்தக் குழாய்கள் நசுங்கியும் உள்ளே ரத்தம் உறைந்தும் அடைபடும். ரத்தம் போகாத இடத்தில் திசு செத்துக் கூழாகும். அந்தக் கூழுக்குள் ஆக்சிஜனே கிடையாது. அதன் பிறகு அது அனரோபிக் கிருமியின் ராஜ்யம்.

இதற்கு அதிக நாள் எடுப்பதில்லை. நாய்களில் செய்த சோதனைகளையும் மனிதர்களின் ஸ்கேன்களையும் வைத்து இதைக் கட்டம் கட்டமாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் மூன்று நாள் வெறும் அழற்சி. நான்காம் நாளிலிருந்து ஒன்பதாம் நாள் வரை நடுவில் திசு சாகிறது. பத்தாம் நாள் வாக்கில் சுற்றிலும் உறை கட்ட ஆரம்பிக்கும். இரண்டு வாரம் தாண்டினால் உறை கெட்டியாகிவிடும். அந்த உறை உடம்பு தன்னைக் காப்பாற்றக் கட்டுகிற சுவர். சீழ் மற்ற இடத்துக்குப் பரவாமல் தடுக்கிறது. ஆனால் அதே சுவர் உள்ளே இருக்கிற கிருமியிடம் மருந்து போய்ச் சேர்வதையும் கடினமாக்குகிறது. கட்டி ஓரளவு பெரிதாக இருந்தால், பொதுவாக இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் என்றால், வெறும் மருந்தை நம்பாமல் சீழை வெளியே எடுப்பதற்கு இது ஒரு காரணம்.

உள்ளே நுழைந்த பிறகு அனரோபிக் கிருமிகள் சும்மா இருப்பதில்லை. அவை சக்சினிக் அமிலம் போன்றவற்றை வெளிவிடும். நம் வெள்ளை அணுக்கள் கிருமியை விழுங்கிக் கொல்லும் சக்தியை அது மட்டுப்படுத்தும். சில வகைகள் தங்கள் மேல் சர்க்கரைப் பொருளால் ஒரு போர்வை போட்டுக்கொள்ளும். பிரிவோடெல்லா, பாக்டீராய்டஸ் இரண்டிலும் நிறைய வகைகள் பெனிசிலினை உடைக்கும் என்சைமைச் சுரக்கும். இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்த என்சைம் அதைச் சுரந்த கிருமியை மட்டும் காப்பாற்றாது. பக்கத்தில் இருக்கும், பெனிசிலினுக்குச் சாதாரணமாகச் செத்துப்போகிற கிருமியையும் சேர்த்தே காப்பாற்றும். ஆக முதலில் வந்தவை பின்னால் வந்தவற்றுக்கு ஆக்சிஜனைத் தீர்த்துக் கொடுத்தன, பின்னால் வந்தவை முதலில் வந்தவற்றுக்கு மருந்தைத் தடுத்துக் கொடுக்கின்றன. இந்தக் கூட்டணியைப் புரிந்துகொண்டால் டாக்டர் ஏன் ஒரே மருந்தோடு நிற்கவில்லை என்பதும் புரிந்துவிடும்.

இப்போது லேபுக்கு வருகிறேன். நான் அதிகம் பேச விரும்புவது இதைப் பற்றித்தான்.

மூளைச் சீழை ஒரு பஞ்சுக் குச்சியில் தொட்டு அனுப்பினால் அது வந்து சேரும்போதே பாதி கதை முடிந்திருக்கும். பஞ்சில் காற்று இருக்கிறது, சீழும் காய்ந்துபோகும். சீழை சிரிஞ்சிலேயே எடுத்து, உள்ளே இருக்கிற காற்றை வெளியேற்றி அடைத்தோ, இதற்கென்று இருக்கிற காற்றுப்புகாத குப்பியில் போட்டோ உடனே அனுப்ப வேண்டும். குளிர்பெட்டியில் வைக்கக் கூடாது. மூளைச் சீழை எடுப்பது பல நேரம் ராத்திரியில், உயிர் போகிற அவசரத்தில் நடக்கும். அந்த நேரத்தில் எல்லோருடைய கவனமும் நோயாளி மேல் இருக்கும், இருக்கவும் வேண்டும். அப்படியிருந்தும் சீழ் சரியாக வந்து சேரும் நாட்கள் உண்டு.

வந்ததும் முதல் தகவல் மூக்குக்குத்தான். அனரோபிக் சீழின் நாற்றம் ஒருமுறை பட்டால் மறக்காது. அந்த நாற்றம் இருந்தால் அனரோப் இருக்கிறது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம்; இல்லை என்பதால் அனரோப் இல்லை என்று சொல்ல முடியாது. அடுத்தது கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்ப்பது. இரண்டு முனையும் ஊசி மாதிரி கூர்ந்த மெல்லிய குச்சிகள், பக்கத்திலேயே சங்கிலி சங்கிலியாகச் சின்ன உருண்டைகள். அதைப் பார்த்தவுடனே வார்டுக்குப் போன் போட வேண்டும். கல்ச்சர் வரும்வரை காத்திருக்கக் கூடாது.

அப்புறம் தட்டுகள். சீழை ஒரு பகுதி சாதாரணமாக வளர்க்கிறோம். இன்னொரு பகுதியை ரத்தம் கலந்த தட்டில் தடவி, இறுகப் பூட்டும் ஜாருக்குள் வைத்து, ஆக்சிஜனை உறிஞ்சும் பொட்டலத்தை உள்ளே போட்டு மூடுகிறோம். ஆக்சிஜன் போய்விட்டதா என்று காட்ட ஒரு நீலத் துண்டு இருக்கும். அது வெளுத்தால் சரி. சாதாரணத் தட்டு மறுநாளே பேசும். ஜார் அப்படி இல்லை. குறைந்தது இரண்டு நாள் திறக்கக் கூடாது. சில கிருமிகளுக்கு ஐந்து நாள், ஒரு வாரம், அதற்கு மேலும் பொறுக்க வேண்டும். பிரிவோடெல்லாவில் சில வகைகள் மெதுவாகக் கறுப்பு நிறம் ஏறும். நிறம் வருவதற்கு முன்பே புற ஊதா விளக்கில் செங்கல் சிவப்பாக மினுங்கும். தட்டின் மேல், அனரோபைக் கொல்லும் மெட்ரோனிடசோல் மருந்து வைத்த சின்ன வட்டத்தையும் வைப்போம். அதைச் சுற்றி எதுவும் வளராமல் ஒரு வெற்று வளையம் விழுந்தால் அங்கே அனரோப் இருக்கிறது என்று ஒரு குறிப்பு கிடைத்துவிடும்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் வளராமல் போகலாம். சீழ் எடுப்பதற்கு முன்பே ஆன்டிபயாட்டிக் ஏறியிருந்தால் கிருமி பாதி செத்த நிலையில் இருக்கும். உங்கள் அக்கா மகனுக்கு வலிப்பு வந்த உடனே முதல் ஆஸ்பத்திரியிலேயே ஊசி போட்டிருப்பார்கள். அது சரியான முடிவுதான். உயிரைக் காப்பாற்ற முதல் ஊசி, கல்ச்சர் அதற்கு அடுத்தது. ஆகவே அறிக்கை வந்ததும் அதை மட்டும் பார்க்காமல், சாயம் ஏற்றிய தகட்டில் ஏதாவது தெரிந்ததா என்று டாக்டரிடம் கேளுங்கள். தகட்டில் கிருமி தெரிந்து தட்டில் வளரவில்லை என்றால் அனரோப் மேல் சந்தேகம் கூடும்.

இது புதிய பிரச்சினையும் இல்லை. ஆக்சிஜன் இல்லாமல் வாழும் உயிர் உண்டு என்று பாஸ்டர் 1861-லேயே காட்டிவிட்டார். பாரிஸில் வெய்யோனும் சூபரும் 1898-ல் குடல்வால் சீழில் இத்தகைய கிருமிகளைக் கண்டெடுத்தார்கள். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து அறுவை மருத்துவர் வில்லியம் மெக்கியூவன் 1893-ல் வெளியிட்ட கணக்கில், மூளைச் சீழ்க்கட்டிக்கு அவர் அறுவை செய்த 19 பேரில் 18 பேர் பிழைத்திருந்தார்கள். ஸ்கேன் கிடையாது, ஆன்டிபயாட்டிக் கிடையாது. கை கால் அசைவையும் பேச்சையும் வைத்தே கட்டி இருக்கிற இடத்தைக் கண்டுபிடித்த காலம் அது. இவ்வளவு தெரிந்திருந்தும் அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் மூளைச் சீழில் பெரும் பங்கு "கிருமியற்றது" என்ற முத்திரையோடு லேபிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தது. 1963-ல் அமெரிக்காவில் ஹைனமன், பிராடி என்ற இருவர் அடுத்தடுத்து வந்த 18 மூளைச் சீழ்க்கட்டிகளைக் காற்றுப்படாமல் கவனமாக வளர்த்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவற்றில் அனரோப் வளர்ந்தது. கிருமிகள் அதற்கு முன்பும் இருந்தன, அவற்றுக்குப் பிடித்த மாதிரி யாரும் வளர்க்கவில்லை, அவ்வளவுதான்.

இன்று தட்டில் வளர்க்காமலே சீழில் இருக்கும் கிருமிகளின் மரபணுவைப் படிக்கிறார்கள். பிரான்சின் மார்செய் நகரத்துக் குழு 2009-ல் 20 நோயாளிகளின் மூளைச் சீழை அப்படிப் படித்தபோது, கல்ச்சர் காட்டியதைவிடப் பல மடங்கு அதிகமான வகைகள் தெரியவந்தன. அவற்றில் பெரும்பங்கு வாயில் குடியிருக்கும் அனரோப்கள்தான். எல்லா ஆஸ்பத்திரியிலும் இந்தச் சோதனை தினமும் நடப்பதில்லை. ஆனால் இதிலிருந்து உங்கள் வீட்டுக்கு வேண்டிய செய்தி தெளிவு: சீழில் ஒரு கிருமி வளர்ந்தாலும் வேறு கிருமிகள் மறைந்திருக்கலாம், ஒன்றும் வளராவிட்டாலும் மறைந்திருக்கலாம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மட்டும் வளர்ந்த சீழுக்குக்கூட டாக்டர்கள் அனரோபுக்கான மருந்தைப் பல நேரம் நிறுத்துவதில்லை.

எம்.ஆர்.ஐ. எடுத்திருந்தால் அதிலும் துப்பு இருக்கும். சீழ் கெட்டியாக இருப்பதால் நீர் மூலக்கூறுகள் அதற்குள் எளிதாக நகர முடியாது. ஒரு வகைப் படத்தில் அது பளிச்சென்று தெரியும். புற்றுக்கட்டியிலிருந்து சீழ்க்கட்டியைப் பிரித்தறிய இது பெரிதும் உதவுகிறது. கட்டிக்குள் இருக்கிற ரசாயனங்களை அளக்கும் இன்னொரு முறையில் அசிட்டேட்டும் சக்சினேட்டும் சேர்ந்து தெரிந்தால், உள்ளே அனரோப் இருக்கிறது என்று ஊகிக்கலாம். முன்பு சொன்ன அந்த அமிலமேதான், கிருமி தன் கையெழுத்தை விட்டுப் போன மாதிரி.

மருந்துக்கு வருவோம். உங்கள் அக்கா மகனுக்கு ஏறுகிற இரண்டு மருந்துகளில் ஒன்று பெரும்பாலும் செஃப்ட்ரியாக்சோன் அல்லது செஃபோடாக்சிம், மற்றது மெட்ரோனிடசோல். பிளாஜில் என்ற பெயரில் வயிற்றுப்போக்குக்குச் சாப்பிட்டிருப்பீர்கள், அதேதான். 1950களின் கடைசியில் பெண்களுக்கு வரும் டிரைக்கோமோனாஸ் தொற்றுக்காக இது வந்தது. 1962-ல் இங்கிலாந்தில் அப்படி மருந்து எடுத்த ஒரு பெண்ணுக்கு ஈறுப் புண்ணும் சேர்ந்து ஆறிப்போனதை ஷின் என்பவர் கவனித்து எழுதினார். ஈறுப் புண்ணுக்குக் காரணம் அனரோப். அப்படித்தான் இந்த மருந்து அனரோபுக்கு எமன் என்று உலகத்துக்குத் தெரியவந்தது.

அது வேலை செய்கிற விதம் எனக்கு எப்போதுமே வியப்பு. மெட்ரோனிடசோல் அப்படியே விஷம் இல்லை. கிருமிக்குள் நுழைந்த பிறகு, ஆக்சிஜன் இல்லாத சூழலில் அந்தக் கிருமியின் சொந்த ரசாயனமே எலெக்ட்ரானைக் கொடுத்து அதை விஷமாக்குகிறது. அது கிருமியின் டி.என்.ஏ.வை நொறுக்குகிறது. ஆக்சிஜன் இருக்கிற செல்லில் இந்த மாற்றம் நிலைக்காது. அதனால் நம் செல்கள் பெரும்பாலும் தப்புகின்றன, ஸ்ட்ரெப்டோகாக்கஸும் தப்பிவிடுகிறது. கூட இன்னொரு மருந்து வேண்டியிருப்பது அதற்காகத்தான். மெட்ரோனிடசோலுக்கு இன்னொரு பெரிய நன்மை உண்டு: மூளைக்குள்ளும் சீழுக்குள்ளும் நன்றாக ஊறிப் போகும். வாய்வழி கொடுத்தாலும் உடல் நன்றாக உறிஞ்சிக்கொள்ளும்.

ஆறு வாரம் ஏன்? சீழை எடுத்தாலும் உறையும், உறைக்குள் ஒட்டியிருக்கும் மிச்சமும் அங்கேயே இருக்கின்றன. உறிஞ்சி எடுத்தவர்களுக்குப் பொதுவாக ஆறிலிருந்து எட்டு வாரம். கட்டியை உறையோடு முழுசாக வெட்டி எடுத்திருந்தால் நான்கு வாரம்கூடப் போதலாம். தலைவலி போனது வீக்கமும் அழுத்தமும் குறைந்ததால். டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து கொடுத்திருந்தால் அதுவும் வீக்கத்தை இறக்கியிருக்கும். பாதியில் நிறுத்திச் சீழ் மறுபடி ஊறினால் அது மூளையின் நீர்க்குழிக்குள் உடைந்துவிடும் ஆபத்து இருக்கிறது. அப்படி உடைந்தால் காப்பாற்றுவது மிகவும் கடினம். உங்கள் அக்காவிடம் இதை அப்படியே சொல்லுங்கள், மறைக்க வேண்டாம்.

மெட்ரோனிடசோலை இவ்வளவு நாள் எடுக்கும்போது சிலவற்றைக் கவனிக்க வேண்டும். வாயில் இரும்பு மாதிரி ருசி, குமட்டல், சிறுநீர் கறுத்த சிவப்பாகப் போவது இதெல்லாம் வரும், பயப்பட வேண்டாம். கால் விரல்கள் மரத்துப்போனாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ அன்றைக்கே நர்ஸிடம் சொல்ல வேண்டும். நீண்ட நாள் எடுத்தால் இந்த மருந்து நரம்பையும் சிறுமூளையையும் தொந்தரவு செய்யலாம். கண்டுபிடித்து நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கட்டி திரும்பி வந்தாலும் இதே மாதிரி தள்ளாட்டம் வரலாம், ஆகவே எது என்று வீட்டிலிருந்து யூகிக்காதீர்கள். மருந்து நடக்கும்போதும் முடிந்த பிறகு மூன்று நாள் வரைக்கும் கள், பீர், சம்சு எதுவும் கூடாது. சாராயம் கலந்த டானிக், இருமல் மருந்து எதையும் பாசத்தோடு யாரும் வார்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டாம்.

எல்லா மூளைச் சீழுக்கும் அனரோபே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. தலையில் அடிபட்டோ ஆபரேஷனுக்குப் பிறகோ வந்தால் ஸ்டாஃபிலோகாக்கஸ் முதல் சந்தேகம். காசநோயும் மூளையில் கட்டியாக வரும். நம் நாட்டில் மெலியோய்டோசிஸ் என்ற தொற்றையும் மறக்கக் கூடாது. மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் அந்தக் கிருமி காற்றில் நன்றாக வளரும். கோலாலம்பூரில் 1913-லேயே ஆராய்ச்சிக் கழகத்து விலங்குகளிடையே பரவியதைப் பதிவு செய்திருக்கிறார்கள். மண்ணோடு வேலை செய்கிற, சர்க்கரை நோய் உள்ள தோட்டத்து ஆட்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். அதற்கு செஃப்ட்ரியாக்சோன் போதாது, செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் வேண்டும். பையன் செம்பனைக் காட்டில் வேலைக்குப் போனானா, புண்ணோடு சேற்றில் இறங்கினானா என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

அறிகுறிகளைப் பற்றி ஒரு வார்த்தை. காய்ச்சல் இருந்தால்தான் கிருமி என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். உலகம் முழுவதிலுமிருந்து 9,699 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து 2014-ல் வந்த ஆய்வில் காய்ச்சல் இருந்தவர்கள் பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். தலைவலி, காய்ச்சல், கை கால் பலவீனம் போன்ற நரம்புக் குறை மூன்றும் சேர்ந்து இருந்தவர்கள் ஐந்தில் ஒருவர்தான். ஆகவே சீழ் வடியும் காதோடு, புதிதாக வந்து நாளுக்கு நாள் ஏறும் தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம், தள்ளாட்டம், வலிப்பு என்று எது வந்தாலும் பனடோலும் தைலமும் போட்டுக் காத்திருக்கக் கூடாது. அதே ஆய்வில் நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. அதற்கு முந்தைய அறுபது ஆண்டுகளில் இந்த நோயில் இறப்பு நூற்றுக்கு 40 பேரிலிருந்து 10 பேர் அளவுக்கு இறங்கியிருக்கிறது. ஸ்கேனும், இந்த மருந்துகளும், சீழை எடுக்கிற திறமையும் சேர்ந்து செய்த வேலை.

ஒட்டுமா என்று கேட்டீர்கள். ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிடலாம், பக்கத்தில் படுக்கலாம். மூளைச் சீழ் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தாவும் நோய் இல்லை.

ஆனால் வார்டிலிருந்து வெளியே வருவதோடு வேலை முடியாது. காதுக்குள் கொலஸ்டியட்டோமா இருந்தால் அதைக் காது மூக்கு தொண்டை டாக்டர்கள் ஆபரேஷன் செய்து எடுக்க வேண்டும். மூளை ஆறிவிட்டது என்று அந்தத் தேதியைத் தவறவிட்டால் புறப்பட்ட வாசல் திறந்தே கிடக்கும். வலிப்பு மாத்திரையை அவர்கள் சொல்லும்வரை நிறுத்தக் கூடாது, அதுவரை மோட்டார் சைக்கிள் ஓட்டக் கூடாது, ஆற்றில் தனியாகக் குளிக்கவும் கூடாது. பிறகு எடுக்கும் ஸ்கேன்களில் கட்டி இருந்த இடத்தில் ஒரு வளையம் மாதக்கணக்கில் தெரியலாம். நோய் சரியாக ஆறிக்கொண்டிருந்தாலும் அப்படித் தெரியும். அறிக்கையை நீங்களே படித்துப் பதற வேண்டாம், டாக்டரிடம் பழைய ஸ்கேனோடு ஒப்பிட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

வீட்டில் இருக்கிற மற்ற பிள்ளைகளில் யாருக்காவது காதில் சீழ் வந்தால், அடுத்த வாரமே அரசாங்கக் கிளினிக்கில் காட்டி, காது நிபுணருக்குக் கடிதம் கேளுங்கள். சீழ் நின்றிருந்தாலும் போங்கள்; செவிப்பறையைப் பார்த்தால்தான் தெரியும். காதுக்குள் எண்ணெயோ ஊசியோ வேண்டாம், குளிக்கும்போது தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியே பல்லையும் காட்டிவிடுங்கள். பையனின் காது எப்போதிலிருந்து வடிந்தது, நாற்றம் இருந்ததா, கடைசியாக என்ன மருந்து விட்டீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி, அடுத்த முறை ஈப்போவுக்குப் போகும்போது வார்டு டாக்டரிடம் கொடுங்கள்.